இறங்காத பதினோரு ஜிபி

— ஐயோ, அண்ணா, கையை விடு! முறிஞ்சிடும்!

— முறியட்டும். ஹார்ட்டிஸ்க்கை நொறுக்கியாச்சு, மருந்துக்கடை கேமராப் பெட்டியை எரிச்சாச்சு, உன் போனை மிதிச்சாச்சு, இதுவும் முறியட்டும். அந்தப் படத்தை வேற எங்க வெச்சிருக்கே? சொல்லு பாப்பா.

— வேற எங்கயும் இல்ல. கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸ் இருக்கறது ஒரு சின்ன பென் டிரைவ்ல, அதுல படம் வைக்க இடமே கிடையாது. குடோனுக்கு எதிர்ல இருக்கற மருந்துக்கடைக்காரர் தன் கேமராப் படத்தைத் தெளிவாக்கித் தரச் சொன்னார், டிஸ்க்ல போட்டேன், அதைத்தான் சுத்தியலால அந்தப் போடு போட்டியே. உன் டிரைவர் அண்ணன் வந்ததும் வராததுமா நெட் ஒயரை அறுத்துட்டார். இன்னும் என்னடா வேணும் உனக்கு?

— அந்தக் குடோன் வாட்ச்மேன் இன்னிக்குக் காலையில செத்துட்டான். நேத்து வரைக்கும் அடிதடி, இப்ப கொலை. புரியுதா? என் கழுத்துக்குக் கயிறு பாப்பா!

— தம்பி, கையை விடுங்க, பாவம். கோச்சுக்காதம்மா, நான் வெறும் வண்டி ஓட்டறவன், சும்மா கேக்கறேன். ஸ்கிரீன் ஓரத்துல மெமரின்னு ஒரு பட்டை தெரியுதே, முப்பத்திரண்டு ஜிபில இருபத்தேழுன்னு. டிஸ்க்குதான் செத்துப்போச்சே. உள்ள என்ன நெறஞ்சு கிடக்கு?

— அது வேற, இது வேறண்ணே. டிஸ்க்குங்கிறது அலமாரி. மெமரிங்கிறது மேஜை. வேலை பார்க்க எடுத்ததெல்லாம் மேஜைமேல கிடக்கும்.

— அப்போ அலமாரியை உடைச்சுட்டு மேஜையை விட்டுட்டோம்.

— என்ன பாப்பா, எங்களைக் கேனையனுங்கன்னு நினைச்சியா?

— அப்படி இல்லண்ணா. பிரவுசர்ல ஏகப்பட்ட டேப் திறந்திருக்கேன், அதுவே பாதி தின்னும்.

— மூடு.

— மூடிட்டேன். இருபத்திரண்டு.

— அந்தப் படம் வெட்டற சாஃப்ட்வேர்?

— அதையும் மூடியாச்சு. பதினஞ்சு. போதுமா? ஆளை விடுங்க.

— கோச்சுக்காதம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. எதுவுமே திறந்தில்ல. அப்புறம் பதினஞ்சு எதுக்கு?

— அது கேஷ். சும்மா கிடக்கற மெமரியை லினக்ஸ் வீணா விடாது. மறுபடி தேவைப்படும்னு பழைய ஃபைல்களைக் கையோட வெச்சுக்கும். பார்க்கத்தான் நெறஞ்ச மாதிரி இருக்கும், வேற வேலைக்கு இடம் கேட்டா உடனே விட்டுக்கொடுத்துடும். இது தெரியாமதான் எல்லாரும் பயப்படறாங்க.

— கேட்டாக் கொடுத்துடுமா?

— கொடுத்துடும்.

— அப்போ கேளேன்மா. கொடுக்குதான்னு பார்ப்போம்.

— அதெல்லாம் எதுக்குண்ணே இப்ப...

— தம்பி, உங்க தங்கச்சிக்கு வேர்க்குது.

— பாப்பா, அந்தக் கேஷைக் காலி பண்ணு. என் கையால அடி வாங்காதே.

— அடிச்சுக்கோ. சின்ன வயசுல என்னை எவனாவது கிள்ளினாக்கூட வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவே, இப்ப நீயே அடி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வாட்ச்மேனை நீதான் அடிச்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— எப்படின்னா? நான் எங்க நிதானத்துல இருந்தேன்? குடோன் வாசல்ல குடிச்சது வரைக்கும்தான் ஞாபகம். முழிச்சா சட்டை பூரா ரத்தம். அண்ணன்தான் எல்லாம் சொன்னார். அவர் மட்டும் என்னை வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டு வரலேன்னா அங்கேயே மாட்டியிருப்பேன்.

— அந்தக் கதையை விடுங்க தம்பி. நீம்மா, கேஷ்.

— பண்ணிட்டேன். பாருங்க, இறங்குது. பன்னிரண்டு.

— மறுபடி பண்ணு.

— இதுக்கு மேல இறங்காது. கம்ப்யூட்டர் ஓடவே ஒரு ஜிபி வேணும்.

— ஒண்ணு போகட்டும். பதினொண்ணு நிக்குதே. கேட்டும் கொடுக்க மாட்டேங்குதே. அப்போ இது அதுவா வெச்சுக்கிட்டது இல்ல, யாரோ வேணும்னு வெச்சது.

— எனக்குத் தெரியா... அம்மா! என் விரல்! ஐயோ, விரல் போச்சு!

— கோச்சுக்காதம்மா, கையில இருந்த இரும்புக் கம்பி வழுக்கிடுச்சு. இன்னும் ஒம்பது விரல் இருக்கு. பதினோரு ஜிபில என்ன?

— அண்ணே! அவமேல கம்பியை ஓங்காதீங்க! நான் கேட்டுக்கறேன்.

— கேளுங்க தம்பி. ஆனா சட்டுனு கேளுங்க.

— சொல்லித் தொலை பாப்பா. என்னால பார்க்க முடியல.

— படம்தாண்ணா. டிஸ்க்லேர்ந்து ஓட்டினா விக்கி விக்கி ஓடும்னு முழுசா மெமரிக்குள்ள ஏத்திதான் வேலை பார்ப்பேன். எந்தப் படம் வந்தாலும் அப்படித்தான். இது ஒண்ணுதான் மிச்சம். கரண்ட் இருக்கற வரைக்கும் இருக்கும்.

— ஒயரைப் பிடுங்கினா?

— போயிடும். யாராலயும் திரும்ப எடுக்க முடியாது. பிடுங்காதேண்ணா! ஒரே ஒரு தடவை பாரு. பார்த்துட்டு அப்புறம் பிடுங்கு. உன் கால்ல விழறேன்.

— ஒருத்தன் மண்டையை நான் உடைக்கறதை நானே உக்காந்து பார்க்கணுமா?

— பாருண்ணா. டிரைவர் அண்ணே, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நாங்க ரெண்டு பேரும் தனியா...

— எதுக்கும்மா வெளிய? தம்பி, பார்க்காதீங்க. ஆயுசுக்கும் தூக்கம் வராது. நேர்ல பார்த்தவன் சொல்றேன்.

— அண்ணனுக்குத் தெரியாம எனக்கு எந்த ரகசியமும் இல்ல பாப்பா. நான் உள்ள போயிட்டா அம்மாவுக்கு யாரு இருக்கா? உனக்கு யாரு இருக்கா?

— உனக்காகத்தான் சொல்றேன்! என்னை நம்ப மாட்டியா?

— நம்பணுமா? இதைப் போலீஸ்ல கொடுக்கத்தானே வெச்சிருந்தே?

— ஆமா! கொடுக்கத்தான்! ஏன்னா அதுல...

— ஏன்னா? சொல்லும்மா. உன் பக்கத்துலதான் நிக்கறேன், நல்லாக் கேக்குது.

— நீயே பாருண்ணா, என் வாயால கேக்காதே.

— சொல்ல மாட்டேங்குது பாருங்க தம்பி. கூடப் பொறந்தவ. நான் வேணும்னா பிடுங்கவா?

— வேணாம், நானே பிடுங்கறேன். காலை விடு. விடுடி! விடுன்னா!

— அண்ணா! அண்ணா, வேணாம்! அண்ணா!

— அவ்வளவுதான். போச்சு.

— எதுக்கும் திரும்பப் போட்டுப் பாருங்க தம்பி.

— இருங்க... வருது... முப்பத்திரண்டுல ஒண்ணு.

— ஒண்ணுதானே? சுத்தம். தங்கச்சி சொன்னது பொய்யில்ல. நான் போய் வண்டியைத் திருப்பி நிறுத்தறேன். நான் வண்டி ஓட்டற முதலாளியோட கல்குவாரி ஒண்ணு சும்மா கிடக்கு, கொஞ்ச நாள் அங்க இருங்க. ஒரு ஈ காக்கா வராது. சீக்கிரம் வாங்க.

— இதோ வந்துட்டேண்ணே... கையைக் காட்டு பாப்பா. துணி சுத்திவிடறேன். உன்னை அடிக்க விட்டுட்டேனே, நான்லாம் ஒரு அண்ணனா? அழாதே. எல்லாம் முடிஞ்சுபோச்சு.

— அவர் படி இறங்கிட்டாரா?

— இறங்கிட்டார். ஹாரன் அடிக்கிறார், கேக்கல? ஏன்?

— அவர் எதிர்ல வாயைத் திறந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் இங்கேயே முடிச்சிருப்பார்.

— என்ன உளர்றே?

— அந்தப் படத்துல நீ முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் சுவரோரமா சுருண்டு தூங்கிட்டுதான் இருந்தேண்ணா. வாட்ச்மேனைச் சாகற அளவுக்கு அடிச்சுப் போட்டுட்டு, அவன் ரத்தத்தை உன் சட்டையில துடைச்சவன்தான் கீழ ஹாரன் அடிச்சு உன்னைக் கூப்பிடறான்.