வருஷா வருஷம் பெருசாகும் வாய்

மொரப்பூரில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த பெண், ரயில் கிளம்பியதும் மடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார்:

“உங்க வாய் வருஷா வருஷம் பெருசாயிட்டே போவுதுங்க.”

அவர் மீசையைத் தடவினார். “நான் என்னா அவ்ளோவா பேசறேன்?”

“பேச்சு இல்லீங்க. நீங்க யூடியூப்ல போடற ஆட்டு வீடியோவோட தம்ப்நெயில, அந்த மொகப்புப் படத்தச் சொல்றேன். எல்லாத்தையும் வரிசையா அடுக்கிப் பாத்தேன். மொதல்ல படம் பூரா ஆடுதான் நிக்குது. அப்புறம் ஓரமா நீங்க வர்றீங்க. அப்புறம் செவப்பு அம்புக்குறி வருது, ஆடு எதுன்னு யாருக்கும் தெரியாத மாதிரி. இப்ப நீங்க வாயப் பொளந்துட்டு நிக்கிறீங்க, ஆட்டுக்குக் கொம்பு மட்டுந்தான் தெரியுது.”

“வாயத் தொறந்தாத்தான் ஜனம் பாக்குது. ஆட்டுக்குத் தழை போடற வீடியோவுக்கே அப்படித்தான் நின்னேன்.”

“அதாங்க என் ஆராய்ச்சியே. இந்தப் படமெல்லாம் எப்படி மாறிட்டு வருதுன்னு இன்னிக்கி காலேஜ்ல எல்லாருக்கும் காட்டணும்.”

“என் மூஞ்சியவா? வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?”

“மத்த சேனல்காரங்கல்லாம் பழைய படத்த அழிச்சுட்டாங்க. மொத வீடியோலருந்து அப்படியே வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தாங்க. வேணான்னா எடுத்துடறேன். ஆனா காட்டறதுக்கு எங்கிட்ட வேற ஒன்னும் இல்ல.”

பொம்மிடி வரும்வரை அவர் வாயை இறுக மூடிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிக் கேட்டார்.

“சிரிப்பாங்களா?”

“சிரிப்பாங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும். முடிக்கறப்ப சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லிடு.”