ஸியா துப்பிய வெண்கலக் காசு

நல்ல உச்சி வேளை. மலை இடுகாட்டுக்குப் போகிற ஒற்றைப் பாதை. ஈ காக்கை கிடையாது... பேய்க்கு இருட்டு வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனின் மாமா ஸ்கோரிலோவுக்கு நடந்தது. ரோமர்கள் நம் டேசியா நாட்டைப் பிடித்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

மாட்டுவண்டியை ஸ்கோரிலோ ஓட்டினான். பின்னால் அவன் அக்கா ஸியாவின் உடல். பக்கத்தில் அவள் புருஷன் செவெருஸ், ரோமப் படையில் இருந்து ஓய்வு பெற்றவன். செத்தவர் வாயில் காசு வைப்பது ரோமர்கள் வழக்கம். அந்த உலகத்து ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரனுக்குக் கூலி. செவெருஸ் கெட்ட மனுஷன் இல்லை. புத்தம்புதுக் காசாகத்தான் அவளுக்குத் தேடி வைத்தான்.

ஒரு பக்கம் பேரரசர் தலை. மறுபக்கம் நம் டேசியா... கை கட்டுண்டு, தலை கவிழ்ந்து தரையில் உட்கார்ந்த பெண்ணாக. அந்தக் காசு ஸியாவுக்கு ஆகவே ஆகாது. சந்தையில் யார் நீட்டினாலும் தொடமாட்டாள், உப்பு வாங்காமல் வீடு திரும்புவாள். இது தெரிந்தும் ஸ்கோரிலோ வாயைத் திறக்கவில்லை. ரோமப் படையாள் என்ற பயம்தான்.

டிங்...

வண்டிப் பலகையில் காசு கிடந்தது. எச்சில் ஈரத்தோடு.

"மேடு பள்ளம்ல, அதான்," என்று செவெருஸ் அதை மறுபடி வாயில் வைத்து, தாடையைத் துணியால் இறுக்கிக் கட்டினான்.

நூறு அடி போயிருப்பார்கள். பின்னால் காறும் சத்தம்... கோபம் வந்தால் ஸியா காறுவாளே, அதே சத்தம். த்தூ. காசு செவெருஸ் மடியில் விழுந்தது. தாடைக் கட்டு அவிழவே இல்லை. மாடுகள் நின்றுவிட்டன. களிம்பேறிய பாத்திர வாடை.

செவெருஸ் காசை ஸ்கோரிலோவிடம் நீட்டினான். "நீ வை மச்சான். கூலி இல்லாம போனா கரையிலயே நின்னு தவிப்பா."

ஸ்கோரிலோவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "வைக்க மாட்டேன் அத்தான். உயிரோட இருந்தப்பவே இதைத் தொடாதவ. நிக்கணும்னா நிக்கட்டும். எங்க அக்கா நிப்பா."

காசு இல்லாமலேயே புதைத்தார்கள்.

திரும்பும் வழியில் செவெருஸ் காசைத் துடைத்துப் பார்த்தான். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. மெல்லத் திருப்பினான்...

பேரரசரின் கழுத்தில் பல் தடம்.