பாப்பாவின் பதினோரு வார்த்தைகள்

கோபமாகக் கடிதம் எழுதுகிறவர்களுக்குப் பதில் எழுதுவது சுலபம், ஐயா. மரியாதையாக எழுதுகிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

நான் சொல்லச் சொல்ல ரைட்டர் ஐயா எழுதிக்கொள்ளட்டும். மெதுவாகவே சொல்கிறேன். முடிந்ததும் ஒரு நகல் என் அக்கா வெங்கடம்மாளுக்குப் போகுமா என்று பாருங்கள். ஓசூர் பக்கம் கிராமம். நான் கோயமுத்தூரில் மேனேஜர் என்றுதான் அவளுக்குத் தெரியும். வேறு யாராவது சொல்லி அவள் தெரிந்துகொள்ளவேண்டாம்.

என் பெயர் சென்னகிருஷ்ணன். வயது இருபத்து மூன்று. கணபதியில் பாலுசாமி அண்ணனின் மெயில் ஆர்டர் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை. பத்திரிகையில் விளம்பரம் வரும். மசாஜ் பெல்ட், தையல் மெஷினுக்கு மோட்டார், காது கேட்கும் மெஷின், எல்லாம் கடை விலையில் பாதி. முன்பணம் அனுப்பினால் பதினைந்து நாளில் பார்சல் என்று போட்டிருப்போம். சரக்கு டெல்லியிலிருந்து வரவேண்டும். மூன்று மாதமாகும், நான்கு மாதமாகும். அதற்குள் கடிதங்கள் வந்துவிடும். அண்ணன் அவற்றைப் பிரிக்காமல் ஒரு அட்டைப்பெட்டியில் போடச் சொல்லியிருந்தார்.

"பதில் போட்டா திருப்பி எழுதுவாங்க கிருஷ்ணா. உட்டுட்டா அதுவா அடங்கிரும்" என்பார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் பெட்டியைத் திறந்து படிப்பேன். சொந்தச் செலவில் கார்டு வாங்கிப் பதில் போடுவேன். எனக்கு ஊரிலிருந்து கடிதம் வருவதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ரைட்டர் ஐயா.

இந்த வருடம், தொண்ணூற்றாறு மார்ச்சில், அவிநாசியிலிருந்து தெய்வாத்தாள் என்ற அம்மா எழுதியிருந்தார். அவர் புருஷன் தனபால் வீட்டுக்குப் பின்னால் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறவர். ஒரே பெண் குழந்தை, மோகனப்பிரியா, நாலரை வயது. மூளைக்காய்ச்சல் வந்து காது முக்கால்வாசி போய்விட்டது. காதில் விழாவிட்டால் பேசப் பழகிய பேச்சும் ஒவ்வொன்றாக மறந்துபோகும், சீக்கிரம் மெஷின் மாட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடிதம் இப்படி இருந்தது:

"ஏனுங்க, திரும்பத் திரும்ப எழுதறேன்னு கோவிச்சுக்காதீங்க. பாப்பா இப்ப பதினோரு வார்த்தை பேசுதுங்க. அம்மா, அப்பா, அப்பிச்சி, தண்ணி, சோறு, பூ, பஸ்சு, கோழி, நெலா, வேண்டாம், போலாம். போன மாசம் இருவது இருந்துச்சுங்க. மெஷினை அனுப்பி வைங்க சாமி."

இதற்கு என்ன பதில் எழுதுவீர்கள்? கார்டில் எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காந்திபுரத்தில் பஸ் ஏறி, நேரில் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். திட்டுவார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் தனபால் அண்ணன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் வீடு தேடி வந்தவனிடம் அவர்களால் கத்த முடியாது. அது அந்தப் பக்கத்து வழக்கம். முதலில் சொம்பில் தண்ணீர் வந்தது. அப்புறம் "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வி. இல்லை என்றேன், அது உண்மைதான். அரிசியும் பருப்பும் போட்ட சோறு, நெய், கோழி வறுவல். தெய்வாத்தாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். மெஷினைப் பற்றி அவர் பேச்செடுத்தது நான் கை கழுவியபிறகுதான்.

"அடுத்த வாரமாச்சு வந்துருமுங்களா?"

"விசாரிச்சுட்டு நானே வந்து சொல்றேனுங்க" என்றேன்.

மறு ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். மெஷின் வரவில்லை என்று சொல்ல ஒவ்வொரு முறையும் ஒரு ஆள் நேரில் வருகிற கம்பெனி இந்த ஜில்லாவில் வேறு உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். மே மாதத்தில் அக்கா என்னைச் சார் என்பதை விட்டுக் கண்ணு என்று கூப்பிட ஆரம்பித்தார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, என் உதட்டைக் காட்டி, மாமா என்று நான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று ஞாயிறில் சொல்லிவிட்டது. குறைந்த வார்த்தைகளைக் கணக்கெடுக்கிறவர்கள் நான் சேர்த்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

ஜூன் பதினெட்டாம் தேதி மெஷின் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சட்டையில் மாட்டிக்கொள்ளும் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். பார்சல் கட்டுவது என் வேலை. அனுப்பியாயிற்று என்று பதிவேட்டில் எழுதினேன். தபாலில் போனால் உடைந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை நானே கையில் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அது தப்பான நினைப்பு இல்லை.

அந்த ஞாயிறு பையில் மெஷினோடுதான் இலை முன்னால் உட்கார்ந்தேன். சாப்பிட்டபின் எடுத்து நீட்டலாம் என்று இருந்தேன். தனபால் அண்ணன் நல்ல சிரிப்பில் இருந்தார்.

"மெஷினு வந்துபோட்டா தம்பி இந்தப் பக்கம் எதுக்கு எட்டிப்பாக்கப் போறாரு? அன்னைக்கோட நம்மூட்டுக் கோழிக்கெல்லாம் ஆயுசு கெட்டிதான்."

"சும்மா இருங்க. அது பாட்டுக்குச் சாப்புடட்டும்" என்றார் அக்கா. "நீ உண்ணு கண்ணு."

தனபால் அண்ணன் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் சொன்னார். மெஷின் வந்துவிட்டால் நான் அங்கே யார்? கணபதியில் என் அறையில் நான்கு பேர். மெஸ்ஸில் டோக்கன் கொடுத்தால் தட்டு வரும். நான் சாப்பிட்டேனா என்று இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பை என் காலருகிலேயே இருந்தது. சாயங்கால பஸ்சில் அதோடு திரும்பினேன். ஒரு வாரம் தள்ளிப்போவதால் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன்.

அப்படி மொத்தம் இருபத்திரண்டு வாரம்.

மெஷினை நான் கெடுத்துவிடவில்லை, ஐயா. டிரங்குப் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்திருந்தேன். சனிக்கிழமைதோறும் பேட்டரி போட்டு என் காதில் மாட்டிப் பார்ப்பேன். நன்றாக வேலை செய்கிறது. தெருமுனையில் ஸ்கூட்டர் திரும்புவதுகூடக் கேட்டது.

அக்கா கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. என்னிடம் நேரில் கேட்கக் கூச்சம் போல. ஆகஸ்டு கடிதத்தில் ஏழு வார்த்தை இருந்தது. நெலாவும் பஸ்சும், தாத்தாவைக் கூப்பிடும் அப்பிச்சியும், போலாமும் போயிருந்தன. செப்டம்பரில் ஐந்து. ஞாயிற்றுக்கிழமை போகும்போது நானே கவனிப்பேன். பூவைக் காட்டினால் பாப்பா பூவையே பார்க்கும். வாய் திறக்கும், சத்தம் வரும், வார்த்தை வராது. கோழி என்பது வெறும் "ஓ" ஆகிவிட்டது. தறி ஓடும்போது மட்டும் கட்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரிக்கும்.

அக்டோபரில் ஒருநாள் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "கண்ணு, தப்பா நெனைக்காதே. ஒரு தறியை வித்துப்போட்டு டவுனுக் கடையிலயே ஒண்ணு வாங்கிரலாமான்னு இவரு சொல்றாரு. பாப்பா எம்மொகத்தையே பாத்துட்டு இருக்குது. என்ன வேணும்னு கேக்கத் தெரியலை அதுக்கு. எனக்குப் பயமா இருக்குது."

வேண்டாம் என்றேன். பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், டெல்லியிலிருந்து லாரி கிளம்பிவிட்டது, பத்தே நாள் என்றேன். அவர்கள் நன்மைக்குத்தான் சொன்னேன். இரண்டு தறி இருந்தே கஷ்டப்படுகிறவர்கள்.

"நீ சொன்னாச் செரி" என்றார் அக்கா. அப்படி என்னை நம்பியவர்கள் வேறு யாரும் இல்லை.

நவம்பர் இருபதாம் தேதி, புதன்கிழமை, அக்கா கம்பெனிக்கே வந்துவிட்டார். பாப்பா இடுப்பில். நான் கொரியர் ஆபீசுக்குப் போயிருந்தேன். நடந்ததை பாலுசாமி அண்ணன்தான் பிறகு சொன்னார். மாதாமாதம் எழுதுகிறீர்களே, எதற்கு இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார்.

"எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாராம் அக்கா. "அம்மாங்கறது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. முந்தாநாளோட அதுவும் நின்னுபோச்சுங்க."

அண்ணன் பதிவேட்டைப் புரட்டி, ஜூனிலேயே அனுப்பியாயிற்றே என்றிருக்கிறார். தபால் ரசீதைத் தேடியிருக்கிறார். ரசீது இல்லை. அப்போதும் அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "உங்க கம்பெனியில கிருஷ்ணன்னு ஒரு தம்பி இருக்குதுங்க, தங்கமான புள்ளை. அதுங்கிட்டக் கேளுங்க, அது கண்டுபிடிச்சுக் குடுத்துரும்" என்று சொல்லிவிட்டு பஸ்சுக்குப் போய்விட்டார். அண்ணன் பயந்துபோய் உங்களிடம் வந்தார். நேற்று என் பெட்டியை நீங்கள் திறந்தீர்கள்.

திருட்டு என்று எழுதப்போவதாகச் சொன்னீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். விற்கவில்லை, அதனால் லாபம் அடையவில்லை. ஆனாலும் மெஷினை எடுத்தது நான், வைத்திருந்தது நான், அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போனதைச் சோறு தின்றுகொண்டே பார்த்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கேஸ் முடியும்வரை மெஷின் ஸ்டேஷனில்தான் இருக்கும் என்கிறீர்கள். கேஸ் முடிய இரண்டு வருடம் ஆகலாம் என்றும் சொல்கிறீர்கள். அதற்குள் பாப்பாவுக்கு ஏழு வயதாகிவிடும். இது சரியில்லை, ஐயா. மேலிடத்தில் கேட்டு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.

அவர்களுக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை என்றீர்கள். அப்படியானால் ஒரு உதவி மட்டும். இன்று வெள்ளி. வரும் ஞாயிறு நான் வரமாட்டேன் என்று யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடுங்கள். நான் போகிறவரை அந்த வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். எனக்காக ஒருவரைக் காக்கவைத்துப் பழக்கமில்லை எனக்கு.