கிணற்றுக்குப் போகும் கயிறு

என் பெயர் செல்லம். வயது முப்பத்தெட்டு. இறந்துபோன ஜம்புலிங்கத்தின் மனைவி. சிப்பிகாட்டில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கிரீக் ஓரத்தில் உள்ள தகர வீட்டில் குடியிருக்கிறேன். காய்கறி போட்டு விற்கிறேன். சொந்த ஊர் முசிறிப் பக்கம். என் கணவர் ரோடு வேலைக்காக இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து, பிறகு என்னை வரவழைத்துக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்த நிலையத்து சப் இன்ஸ்பெக்டர் ஐயா எழுதிக்கொள்கிறார்.

என் கணவருக்கு எழுபத்தொன்றாம் வருடம் பாறைக்கு வெடி வைக்கும்போது இரண்டு கண்ணும் போய்விட்டன. அதன் பிறகு அவர் தானாகக் கட்டிலை விட்டு எழவில்லை. குளிக்கவும் வெளிக்குப் போகவும் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். அதை அவர் பெரிய அவமானமாக நினைத்தார். அந்த நாட்களில் செத்துப்போனால் தேவலை என்று அவர் சொன்னது உண்மை. அக்கம்பக்கத்தார் அதைத்தான் தங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது பழைய சேதி.

அதன் பிறகு அவருக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைத்தது. அந்தத் தொகையோடு சேர்த்து, பேசி மனம் தேற்றுவதற்கு ஒரு ஆலோசகரும் வாராவாரம் வருவார் என்று சொன்னார்கள். வந்தது லத்தீபா. அபர்தீன் பஜாரில் கப்பல் சாமான் கடை வைத்திருக்கும் நூர்முகம்மது அவர்களின் மகள், மெட்ராஸில் இதற்கென்று படித்தவள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. தோட்ட வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது, ஒருத்தி குடையும் கைப்பையுமாக வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவது எனக்கு எரிச்சலாக இருந்தது. பேசினால் கண் வந்துவிடுமா என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டேன்.

“வராதுக்கா. அது அண்ணனுக்கும் தெரியும். மத்ததெல்லாம் வரும்” என்றாள்.

அதன் பிறகு என்னிடம் வாய் திறக்காத மனிதர் அவளிடம் மணிக்கணக்கில் பேசினார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள், உங்களுக்கு நீங்களே செய்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுவது என்ன என்று அவள் கேட்டதற்கு, கிணற்றுக்குத் தனியாகப் போய் ஒரு வாளி தண்ணீர் இறைக்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் அவள் அப்பா கடையிலிருந்து பழைய கப்பல் கயிறு ஒன்றை ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தாள். வீட்டின் பின்வாசல் தூணில் ஒரு முனையைக் கட்டி, நடுவில் தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி, மறு முனையைக் கிணற்றுக் கம்பத்தில் கட்டினோம். கிணற்று மேடைக்கு ஒரு எட்டு முன்னால் கயிற்றில் இரட்டை முடிச்சு போட்டாள். கையில் அந்த முடிச்சு பட்டதும் நின்று, காலை நீட்டி மேடையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது அவள் சொல்லிக்கொடுத்த முறை.

“சந்தேகம் வந்தா கயித்த நம்புங்கண்ணே” என்று அவள் சொன்னதை நான் கேட்டேன். தாங்கள் கேட்டதால் மறைக்காமல் சொல்கிறேன்.

அதன் பிறகு என் கணவர் மாறிப்போனார். தானே இறைத்துத் தானே குளித்தார். செடிக்கு நான் ஊற்றும் தண்ணீர் போதாது என்று கண் தெரிகிறவர் போல என்னோடு சண்டை பிடித்தார். நான் கட்டியிருக்கும் சேலையின் நிறத்தைச் சொல்கிறேன் பார் என்று தினமும் ஒரு நிறம் சொல்வார். ஒருநாளும் சரியாக வந்ததில்லை. ஆனாலும் சரி என்றே சொல்வேன்.

போன வியாழக்கிழமை காற்று எச்சரிக்கை வந்தது. எங்கள் கூரை பலமில்லாததால் லம்பா லைன் பக்கம் இருக்கும் என் தங்கை அலமு வீட்டுக்கு நானும் அவரும் போய்விட்டோம். காற்று பலமாக அடித்தது, ஆனால் விடிவதற்குள் விட்டுவிட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை, லத்தீபா வரும் நாள். அவள் வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் முதல் பஸ்ஸில் திரும்பினோம். வாசல் பக்கமாக வந்தோம். பின்பக்கம் நான் போகவில்லை. டீ போடப் பால் இல்லாததால், அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் இல்லை. அடுப்பு மூட்டியிருந்தது. பக்கத்தில் மூன்று டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். இறைக்கும் வாளியைக் காணவில்லை. அதன் பிறகு பின்பக்கம் போனேன். கயிறு தென்னை வரைக்கும் பழைய வழியில் இருந்தது. அங்கிருந்து கிணற்றுப் பக்கம் போகாமல் கிரீக் பக்கம் போயிருந்தது. அதன் மறு முனையில் கோவிந்தராஜின் டோங்கிப் படகு கட்டியிருந்தது. நான் கூச்சல் போட்டதும் கோவிந்தராஜ்தான் முதலில் ஓடிவந்து தண்ணீரில் குதித்தார்.

கோவிந்தராஜ் பக்கத்து வீட்டுக்காரர். அந்தச் சிறு படகில் காய்கறி ஏற்றிப்போய்ப் பிழைக்கிறவர். காற்று எச்சரிக்கை வந்தால் இங்கே யார் வீட்டுக் கயிறும் யார் படகுக்கும் ஆகும். கேட்டு எடுப்பதில்லை. நானும் கூரைக்கு அவர் கயிற்றை எடுத்துக் கட்டியிருக்கிறேன். நாங்கள் ஊரில் இல்லை என்று தெரிந்துதான் எடுத்தார்.

“தூஃபான் நின்னதும் சுபேரே, விடிஞ்சதும் திருப்பிக் கட்டிடலாம்னு இருந்தேன் அண்ணி. நீங்க சாயங்காலம்தான் வருவீங்கன்னு நெனச்சேன்” என்றார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர் அழுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

என் கணவர் தானாகத் தண்ணீரில் விழுந்து உயிரை விட்டார் என்று எழுத வேண்டாம். மேலே தூக்கியபோது அவர் வலது முழங்கையில் வாளி மாட்டியிருந்தது. கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். இடது கை கயிற்றை விடவில்லை. பிடித்திருந்த இடத்தில் இரட்டை முடிச்சு இருந்தது. முடிச்சு வந்ததும், லத்தீபா சொல்லிக்கொடுத்தபடி அவர் நின்றிருக்கிறார். நின்று, மேடையைத் தேடிக் காலை நீட்டியிருக்கிறார். அங்கே மேடை இல்லை, கிரீக் கரையின் விளிம்பு. சாகப் போகிறவர் முடிச்சு பார்த்து நிற்க மாட்டார். லத்தீபா வந்தால் டீ போட்டுத் தர வேண்டும் என்று தண்ணீர் எடுக்கப் போனார்.

லத்தீபா அன்றைக்கு வந்தபோது அவரைத் தரையில் கிடத்தியிருந்தது. கயிற்றை நம்பச் சொன்னது நான்தானே என்று சொல்லி என் காலடியில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் வரவில்லை. அவள் மீதும் எனக்குப் புகார் இல்லை. அவருக்கு அவள் கொடுத்த காலம் நல்ல காலம். அதை அவளிடம் நான் சொல்லாமல் போனேன்.

ஆள் இறந்துவிட்டதால் உதவித்தொகை நின்றுவிடும், அதோடு ஆலோசகர் வருவதும் நின்றுவிடும் என்று நேற்று உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சொன்னார். தொகை எனக்கு வேண்டாம். வெள்ளிக்கிழமை லத்தீபா வந்தால் போதும். எனக்குப் பேச வேண்டும்.

எழுதியதை ஐயா படித்துக் காட்டக் கேட்டேன். தற்கொலை என்று எழுதியிருந்த இடத்தை அடிக்கச் சொன்னேன். அடித்ததைக் காட்டினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அதுவே என்று உறுதி கூறி ரேகை வைக்கிறேன்.

செல்லம்
இடது கைப் பெருவிரல் ரேகை