தொண்டைப் பக்கம் வளைந்த கோடு

குளிரில் நீர்வண்ணம் உறையாமல் இருக்க, குவளைத் தண்ணீரில் இரண்டு கரண்டி வோட்கா கலந்துகொள்ள வேண்டும். மூன்றாவது கரண்டி வரைகிறவனுக்கு. பின்லாந்து ஏரிக்கரைகளில் மார்ச் மாதம் உட்கார்ந்து படம் போடுகிற எந்தக் கிழவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். நீங்கள் எழுதிக்கொள்வதால் மெதுவாகவே சொல்கிறேன், அதிகாரியம்மா.

பெயர் தைஸ்தோ கெக்காலாய்னன். வயது எழுபத்தொன்று. முப்பத்து நான்கு வருஷம் சாலைத் துறையில் இருந்தேன். ஏரி உறைந்ததும் எங்கள் கரையிலிருந்து தேவாலயக் கரைக்குப் பனிக்கட்டியின் மேல் வழி குறிப்பது என் வேலை. துளைக்கருவியால் ஓட்டை போட்டு, இடுப்புயர ஊசியிலைக் கன்று ஒன்றை நட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் விடிவதற்குள் சிமெண்ட். இருபது தப்படிக்கு ஒன்று. ஓய்வு பெற்ற பிறகும் நான்தான் நடுகிறேன். வேறு யாருக்கும் அந்த ஏரியின் வயிறு தெரியாது. குடிகாரன், பாதிரியார், குடித்த பாதிரியார், எல்லோரும் அந்தக் கன்றுகளை நம்பித்தான் வீடு போய்ச் சேர்கிறார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பூனைகூட நனைந்ததில்லை.

கோடு நேராகப் போகும். அதற்குக் காரணம் உண்டு. கிழக்கே ஆறு வந்து ஏரியில் விழுகிற இடத்தைத் தொண்டை என்போம். மேலே பார்த்தால் மற்ற இடம் போலவே வெள்ளை. அடியில் நீரோட்டம் குளிர்காலம் முழுக்க பனிக்கட்டியை நக்கிக்கொண்டே இருக்கும். அங்கே அது ரொட்டித் துண்டு.

அந்த ஏரியை நான் நாலாயிரம் முறை வரைந்திருக்கிறேன். அடுக்கினால் தேவாலயக் கோபுரத்தைத் தொடும். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேனோ என்னவோ. எங்கள் பக்கத்து வழக்கு உங்களுக்குத் தெரியும், பேசுகிறவன் பேசி முடித்தால் பொறுப்பு கேட்கிறவனுடையது. அவற்றில் ஒன்று மட்டும் நூலகத்தின் நடுச்சுவரில் பத்தொன்பது வருஷமாகத் தொங்கியது. அதன் கீழே மூன்று பேர் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். இரண்டு பலித்தது.

ஐலா, நூலகத்தில் கூடும் எங்கள் கலைவட்டத்துக்கு வந்தது நாலு குளிர்காலம் முன்பு. மருந்துக்கடை வைத்திருந்தவள், அறுபத்து நாலு வயது. கையில் டிஜிட்டல் கேமரா, அதற்கு என் கையளவு நீளத்தில் ஒரு லென்ஸ். முதல் நாளே நடுச்சுவர் முன்னால் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"யோவ் தைஸ்தோ, இது ஓவியமா, சாலைத் துறை வரைபடமா? எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர்னு போட மறந்துட்டியே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னாள்.

"உன் பெட்டிக்கு என்னம்மா, சுண்டெலிகூட பொத்தானை அமுக்கும்" என்றேன்.

"அமுக்கும்யா. ஆனா விடியக்காலை நாலு மணிக்கு நாணல்ல போய்ப் படுத்துக் கிடக்காது. உன்னை மாதிரி அடுப்போரமா நினைவுல இருந்து வரையும்."

அது பொய். நான் கரையில் உட்கார்ந்துதான் வரைவேன். ஆனால் அவள் எடுத்த படங்கள், மறைக்காமல் சொல்கிறேன், மூச்சை நிறுத்தின. பனிமூட்டத்தில் ஒற்றை அன்னம். பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள், முத்துச்சரம் போல. அதே ஏரி. நான் முப்பது வருஷம் மிதித்து நடந்த குமிழிகள். குனிந்து பார்த்ததில்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் பில்பெரிப் பழப் பணியாரத்துக்குப் பிறகு வாக்கெடுத்தார்கள். ஈஸ்டருக்கு அப்புறம் நடுச்சுவரில் ஐலாவின் படம். ஒன்பது பேரில் எட்டுக் கை உயர்ந்தது. தூக்காத கை யாருடையது என்று கேட்டு உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன்.

கூட்டம் கலைந்ததும் என் தோளைத் தட்டினாள். இரக்கத்தோடுதான்.

"வருத்தப்படாதய்யா. உன் ஏரி செத்துக் கிடக்கு, அதான் விஷயம். அந்தக் கன்னுங்களைப் பாரு, பட்டாளம் மாதிரி. இயற்கையில நேர்க்கோடு எங்கய்யா இருக்கு? ஒரு தடவை, ஒரே தடவை, கோட்டை வளைச்சுப் பாரேன்."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கற்றுக்கொள்வதற்கு வயது ஏது?

புதன்கிழமை கோடரியும் துளைக்கருவியும் எடுத்துக்கொண்டு போனேன். ஏழு கன்றுகளை வெட்டியெடுத்தேன். தொண்டைப் பக்கமாக, வயலின் உடம்பு போல மெல்ல வளைத்து நட்டேன். முதல் ஓட்டையில் பனிக்கட்டி முழங்கை ஆழம் இருந்தது. ஐந்தாவதில் மூன்று விரற்கடை. ஆறாவதில் இரண்டு. ஏழாவதைப் பலகை மேல் படுத்துக்கொண்டுதான் நட்டேன். தண்ணீர் ஊற்றவில்லை, பொடிப்பனியை மட்டும் அழுத்திவிட்டேன். ஒரு நாள் ஏற்பாடுதானே. விடுமுறைக்காரர்கள் போய்விட்டார்கள், தேவாலயத்தில் ஞாயிறு வரை வேலை இல்லை. வியாழன் சாயந்திரமே பழைய இடத்தில் நட்டுவிடுவதாக இருந்தேன். நான் பொறுப்பில்லாத ஆள் அல்ல.

பிறகு ஐலாவுக்குப் போன் செய்தேன்.

"வளைச்சுட்டேன். காலையில வந்து பாரு."

"நிஜமாவா? கிழவா, உன்னை முத்தம் கொடுத்தே கொன்னுடுவேன்" என்றாள்.

காலை ஒளி ரோஜா நிறத்தில் இருந்தது. நான் வரைபலகையோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். கரையில் வந்து நின்றவள் தொப்பியைக் கழற்றினாள். நாலு வருஷத்தில் அவள் கேலி செய்யாத ஒரே சமயம் அது. என் கோட்டைப் பார்த்து.

"அடேயப்பா" என்றாள். "இவ்வளவு நாள் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே?"

நாணல் முனையில் போய் கேமரா முக்காலியை நிறுத்தினாள். அங்கிருந்து வளைவு முழுதும் தெரியும், பின்னால் என் கரையும் தெரியும். ஐந்து விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி கேமராவை முடுக்கிவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள். இவ்வளவு வெள்ளையில் ஒரு சின்ன மனித உருவம் வேண்டுமாம், சிவப்பு மேலங்கியோடு அவளே கோட்டில் நடக்கப்போகிறாளாம். நான் சொல்லவில்லை. நான் கோடு மட்டும்தான் போட்டேன்.

அவள் கழுத்தில் பனியாணிகள் தொங்கின. உங்களுக்கும் இருக்கும், பனிக்கட்டியில் விழுந்தால் குத்திக்கொண்டு மேலே ஏறுகிற ஜோடி ஆணி. அவளுடையது மஞ்சள் கயிறு.

"சிவப்பு மேல மஞ்சளா?" என்றேன். "பனியில மஞ்சள் என்னன்னு நாய் வளர்க்கிறவங்களைக் கேளு."

வயிறு குலுங்கச் சிரித்தாள். கழற்றி என் வரைபலகையின் மூலையில் மாட்டினாள். "பத்திரமா வச்சிரு. வந்து வாங்கிக்கிறேன்."

ஆறாவது கன்றருகே இறங்கினாள். விழுந்தாள் என்று சொல்ல முடியாது. மாடிப்படியில் இறங்குகிறவள் போல இறங்கினாள். சத்தம் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. பத்தொன்பது வருஷமாகத் திறந்த தண்ணீருக்கு நான் கருப்பைப் பூசி வந்திருக்கிறேன். அது கருப்பே அல்ல. ஆறிய தேநீர் நிறம், ஓரத்தில் ஒரு பச்சை. அந்தப் பச்சையைக் கலக்க மூன்று வண்ணம் வேண்டியிருந்தது.

"தைஸ்தோ, பலகையை எடுத்துட்டு வாய்யா" என்றாள். பதற்றமே இல்லை. மருந்துக்கடையில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரல். மீட்புப் பலகை என் முதுகுக்குப் பின்னால் கம்பத்தில் சாய்ந்திருந்தது. அதை அங்கே நிறுத்தியதும் நான்தான், துறையில் இருந்தபோது.

"ஒரு நிமிஷம் ஐலா, ஈரம் காஞ்சுடும்" என்றேன்.

நீர்வண்ணம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஈரத்தின் மேல் ஈரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போனால் விளிம்பு கட்டிவிடும், பிறகு எந்தத் தூரிகையாலும் சரிசெய்ய முடியாது. வோட்கா கலந்தும் அந்தக் குளிரில் வண்ணம் தாளிலேயே உறைந்து, பெரணி இலைபோலப் படிகம் பூத்தது. நான் பூக்க வைத்ததல்ல. இயற்கையே கைவைத்து வரைந்தது.

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது என் பெயர் முழுதாக வரவில்லை.

நீங்கள் மேசையில் வரிசையாகப் பரப்பியிருக்கும் படங்கள் தொண்ணூற்றாறு. எட்டு நிமிஷம். தொண்ணூற்றாறிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். தூரிகை மட்டும் இடம் மாறுகிறது. மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி. முனையில் ஒரு பெட்டி பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்ப்பதற்குக் கண் வேண்டும் என்றுதான் நான் எப்போதும் வாதாடி வந்திருக்கிறேன்.

அடுத்த கட்டுப் படங்களையும் காட்டிவிட்டீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அதன் பிறகு எழுந்தேன். பலகையை எடுத்தேன். அதன் மேல் படுத்து ஊர்ந்து போய், ஏழு கன்றுகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவந்து பழைய இடத்தில் நேராக நட்டேன். அதற்கு அப்புறம்தான் அவசர உதவிக்குப் போன் செய்தேன். அந்தப் பலகை நன்றாகத் தாங்கியது. ஆளைத் தாங்குமா என்று ஊரில் யாரும் இனிச் சந்தேகப்பட வேண்டாம்.

அவள் போய்ச் சேரட்டும் என்றுதான் கோட்டை வளைத்தீர்களா என்று கேட்டீர்கள். ஆமாம். வேறு எதற்கு? ஆனால் ஒன்றைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். சுவருக்காகச் செய்தேன் என்று எழுத வேண்டாம். அவ்வளவு அற்பமான ஆள் அல்ல நான். எட்டுப் பேர் கை தூக்கியதை அன்று ராத்திரியே மறந்துவிட்டேன். யார் யார், எந்தக் கை என்று வேண்டுமானால் வரிசையாகச் சொல்கிறேன். நான் செய்தது கலைக்காக, அவள் சொன்னதற்காக. நாலாயிரத்தில் அதுதான் என் ஒரே உயிருள்ள படம். ஐலா இருந்திருந்தால் அவளே ஒத்துக்கொண்டிருப்பாள்.

அது உங்கள் சாட்சிப்பொருள் அறையில் இருக்கிறதாமே. ஈரமில்லாத இடமா என்று பார்க்கச் சொல்லுங்கள். நூலகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் புண்ணியம்: நடுச்சுவரில் இருக்கிற ஆணி நான் அடித்தது. ஈஸ்டர் வரைக்குமாவது அதைப் பிடுங்க வேண்டாம்.