திறன் ஏட்டில் ஒரு காலிப் பக்கம்

காபி வேண்டாம். பகல் பன்னிரண்டுக்கு மேல் குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும். ஐம்பத்தெட்டு வயதில் இதையெல்லாம் பார்த்துத்தான் ஆகவேண்டும். தண்ணீர் போதும். நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நெவேனாவின் மகள் கொடுத்த புகாரை இரண்டு முறை படித்தேன். தன் அம்மா செத்ததற்கு நான்தான் காரணம் என்கிறாள். சொல்லட்டும், பெற்றவளைப் பறிகொடுத்தவள். ஆனால் எனக்குத் தொழில் தெரியாது என்றும் எழுதியிருக்கிறாள் பாருங்கள், அதைச் சும்மா விட முடியாது. வக்கீல் தடுத்தும் நான் இந்த விசாரணைக்கு வந்தது அதற்காகத்தான்.

முப்பத்தோரு வருடமாக அந்த ஊருக்கு நான்தான் குடும்ப டாக்டர். பனியில் சாலை அடைபட்ட நாட்களில் டிராக்டரில் தொற்றிக்கொண்டு போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறேன். யாருக்குச் சர்க்கரை, யார் மாமியாருக்குப் பயந்து தலைவலி என்று வருகிறாள், எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவனுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் தலைநகர் சோபியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குடும்ப மருத்துவத்தில் சிறப்புப் பட்டம் இல்லாதவர்கள் பயிற்சியில் சேர்ந்து குறித்த கெடுவுக்குள் தேற வேண்டுமாம். இல்லாவிட்டால் என் நோயாளிகளின் பட்டியல் வேறொருவருக்குப் போய்விடுமாம். என் ஜனங்களை எவனோ ஒரு பொடியனிடம் கொடுத்துவிட்டு நான் வீட்டில் உட்கார்ந்து தக்காளிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கூடவே ஒரு ஏடும் வந்தது. திறன் ஏடு என்று பெயர். நாற்பது பக்கம், பக்கத்துக்கு ஒரு திறன். தையல் போடுவது, காது கழுவுவது, கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்வது என்று. ஒவ்வொன்றையும் மேற்பார்வையாளர் முன்னால் செய்து காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் பேராசிரியர் வெலினோவா. என் மகள் வயதுதான் இருக்கும்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். உங்களுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடுன்னு தெரியும். ஆனா கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது."

"நல்லா பாருங்க. வேணும்னா உங்க காதையே கழுவிக் காட்டறேன்" என்றேன்.

சிரித்தார். முப்பத்தொன்பது பக்கங்களில் கையெழுத்தும் போட்டார். கடைசிப் பக்கம்தான் இழுத்தது. பிழைக்க வழியில்லாத ஒரு நோயாளியை, நோய் தெரிந்த நாளிலிருந்து வீட்டிலேயே வைத்து, சாவுக்குப் பிறகு நாற்பதாம் நாள்வரை அந்தக் குடும்பத்தையும் ஒரே டாக்டர் கவனித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் இப்போது யார் வீட்டில் சாகிறார்கள்? கொஞ்சம் மூச்சு வாங்கினாலே பிள்ளைகள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு கிழவரை நான் தயார் செய்து வைத்திருந்தேன். பதினோராம் நாள் அவருடைய தங்கை மகன் ஆம்புலன்ஸைக் கூட்டிவந்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கெடு முடிய ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது.

அந்த ஏப்ரலில் நெவேனா வந்தாள். மழலையர் பள்ளிச் சமையல்காரி, ஐம்பத்து நாலு வயது, வாய்த்துடுக்கு அதிகம்.

"படி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர். சூப் பானையத் தூக்க முடியல. கூட வேலை செய்யறவளுங்க எல்லாம் கேலி பண்றாளுங்க, கிழவியாயிட்டேன்னு."

"உள்ளதைத்தான சொல்றாங்க."

"உங்க வாய்க்கு நான்தான் கெடச்சேனா?"

மலத்தில் ரத்தம் போவதையும் பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். கையைக் கழுவினேன். ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டரிடமோ ஸ்கேனுக்கோ போவதென்றால் நான் பரிந்துரைச் சீட்டு கொடுக்க வேண்டும். மாதத்துக்கு இத்தனை என்று கணக்காகத்தான் தருவார்கள். சீட்டு தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வா என்றேன். நம் நாட்டில் இந்த வாக்கியத்தோடு யாரும் சண்டை போடுவதில்லை. அந்த ஏப்ரலில் உண்மையாகவே தீர்ந்திருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மே மாதம் வந்தாள். மேசை டிராயரில் சீட்டுகள் இருந்தன. அதற்கு முந்தின நாள் மாலைதான் அந்தக் காலிப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்ந்துவிட்டது என்றேன். "பாவம், நீங்கதான் என்ன செய்வீங்க" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். ஜூனிலும் அப்படித்தான். பிறகு அவளே கேட்பதை விட்டுவிட்டாள், மாத்திரை வாங்க மட்டும் வந்தாள்.

செப்டம்பரில், தெருவெல்லாம் சிவப்பு மிளகாய் சுட்டு ஜாடியில் அடைக்கும் சமயம், அவள் கண் மஞ்சளாகியிருந்தது. அன்றைக்கே சீட்டு எழுதி என் சொந்தக் காரில் நானே கூட்டிக்கொண்டு போனேன். குடலில் தொடங்கி ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, வெட்ட ஒன்றுமில்லை என்றார் அறுவை டாக்டர். மறுநாள் வெலினோவாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு நாற்பதாம் பக்கத்தில் தேதி போட்டேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்த வைத்தியத்தில் ஒரு குறை சொல்லுங்கள் பார்க்கலாம். தினமும் போனேன், ஞாயிற்றுக்கிழமை உட்பட. முதுகில் ஒரு புண் வரவில்லை. வலி தலைதூக்கும் முன்பே மருந்து இறங்கிவிடும். அவள் புருஷன் ராதோய்க்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன்; கை நடுங்குகிறவனை நடுங்காமல் செய்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பிடாதீங்க டாக்டர். என் கட்டில்லயே போறேன்" என்றாள் நெவேனா.

"நான் இருக்கேன்ல."

இருந்தேன். வார்த்தை தவறவில்லை. ஒரு நாள் வெலினோவா கூட வந்து பார்த்துவிட்டு, அடுப்படியில் போய் நின்று அழுதார். இப்படி ஒரு பராமரிப்பைத் தான் எங்குமே பார்த்ததில்லை என்றார். மார்ச் முதல் வாரம் நெவேனா வலியில்லாமல் போனாள், என் கை அவள் நாடியில் இருந்தது. வாசலில் ஒட்டிய இரங்கல் அறிவிப்பில், அவள் படத்துக்குக் கீழே, டாக்டர் ஒக்னியானுக்கு நன்றி என்று என் பெயரையும் ராதோய் அச்சிட்டிருந்தான். அதில் ஒரு பிரதியை ஏட்டில் ஒட்டினேன். நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கில் சர்க்கரை தூவிய கோதுமை சாப்பிட்டுவிட்டு வந்து கையெழுத்தும் வாங்கினேன். முழு மதிப்பெண்.

மகள் இஸ்க்ரா ஸ்பெயினில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள். காரியங்கள் முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்து என் சீட்டுக் கணக்கைத் தோண்டி எடுத்திருக்கிறாள். நேராக என் அறைக்கு வந்தாள்.

"மே மாசம் நாலு சீட்டு மிச்சம் இருந்துச்சு. ஜூன்ல ஆறு. எங்கம்மாவுக்கு ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

மேசை டிராயரைத் தள்ளி மூடினேன்.

"உங்களுக்கு என்ன வியாதின்னே தெரியல, அதான? வயித்தத் தொட்டுப் பாக்கத் தெரியாத ஆளுக்கெல்லாம் பட்டம் வேற."

வெளியே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் காதிலும் விழுந்தது. முப்பத்தோரு வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பேசியதில்லை.

இப்போது வக்கீலும் அதே பாட்டைப் பாடுகிறார். "தெரியலன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர். கவனிக்கத் தவறிட்டேன்னு ஒரு வரி. எல்லா டாக்டருக்கும் நடக்கறதுதான், கண்டிச்சு விட்டுடுவாங்க." என்னால் முடியாது. தெரிந்ததைத் தெரியவில்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

வலது பக்கம், தொப்புளுக்கு நாலு விரல் கீழே, வால்நட் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. விரலால் தள்ளினால் நகர்ந்தது. அந்த நிலையில் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். நான் மாணவனாக இருந்தபோதே படித்தது. ஏப்ரலில், முதல் நாளே, கை வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்தேன். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, வெறும் இந்தக் கை. வெலினோவாவைக் கேட்டுப் பாருங்கள், அவரால் முடியுமா என்று. இதை ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். எனக்குத் தொழில் தெரியாது என்று இனி எவரும் சொல்லக் கூடாது.