எம் பொண்ணுக்கு என்ன வேலைன்னு கேட்டா

இல்லக்கா, நீங்களே சொல்லுங்க. பெத்தவ வாயால எப்பிடிச் சொல்றது, "எம் பொண்ணு காட்ஸ் வெளையாடிச் சம்பாதிக்கிறா"ன்னு? நாக்கு வருமா? மொதல்ல ஒக்காருங்க, டீயக் குடிங்க. மழையில நின்னுக்கிட்டு, ரெண்டு வீட்டு கேட்டையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு... பாத்த ஒடனே வெளங்கிருச்சு எனக்கு, பக்கத்து வீட்டுக்குப் புதுசா வர்ற ஜீவராஜ் மாஸ்டர் சம்சாரம்னு. சாவி மாஸ்டர்கிட்ட தானே? வரட்டும். அதுவரைக்கும் நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் சொல்றத மட்டும் கேளுங்க. எனக்குக் குறுக்க பேசினா புடிக்காது, சுத்தமா மறந்துரும்.

விசயம் என்னன்னா, லிந்துலையிலருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆளனுப்பப் போறாங்க, விசாரிக்க. நம்மாளுங்கதான் நேரா வரமாட்டாங்களே! பக்கத்து வீட்டுல போயி, "கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னு ஆரம்பிச்சு, பொண்ணு எப்பிடி, தாய்க்காரி வாய் எப்பிடின்னு எல்லாத்தையும் கறந்துட்டுப் போவாங்க. பக்கத்து வீடுன்னா இனி நீங்கதான். நீங்க சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. "சுதர்ஷினியா? தங்கமான புள்ள, கொழும்புல இன்சூரன்ஸ்ல வேல." எங்க, மனசுக்குள்ள ஒருக்காச் சொல்லிப் பாருங்க. ம்... சொல்லிட்டீங்களா?

என்ன அப்பிடிப் பாக்குறீங்க? நான் கான்வென்ட்ல படிச்சவ. பாம்பும் ஏணியும் வெளையாடுறப்ப தாயக்கட்டைய உருட்டுனாலே எங்க சிஸ்டருமாரு மொகத்தச் சுளிப்பாங்க. என் வயித்துல வந்து பொறந்திருக்கு பாருங்க, போக்கர்!

எங்க ஆரம்பிச்சிச்சு தெரியுமா? எழவு வீட்டுல! என் மாமனாரு செத்தப்ப. ஆம்பளைங்க வெளிய தகரக் கொட்டாயில ஒக்காந்து காட்ஸ் கட்ட எடுத்து முன்னூத்திநாலு ஆட்டம் போடுவாங்கல்ல, அங்க. இவ அப்ப சின்னப் புள்ள. வர்ற சனத்துக்கு டீ ஊத்துறதா, இவ பின்னாடி ஓடுறதா? "போயி சித்தப்பாமாரு பக்கத்துல ஒக்காரு, அசையாத, வாயத் தொறக்காத"ன்னு நான்தான்... ஆமா, நான்தான் கொண்டுபோயி ஒக்கார வச்சேன். அசையல. வாயத் தொறக்கல. பொணம் எடுக்கிற நேரம் போயிப் பாக்குறேன், அத்தன சித்தப்பனையும் தோக்கடிச்சிட்டு காட்ஸ அடுக்கிக்கிட்டு இருக்கா! அவனுங்க அப்பன் செத்ததுக்கு அழுதானுங்களா, இவகிட்ட தோத்ததுக்கு அழுதானுங்களான்னு இன்னை வரைக்கும் எனக்குச் சந்தேகம்.

சரி, பேராதனை கேம்பசுக்குக் கணக்குப் படிக்கப் போறாளே, டீச்சராகி கொட்டகலையிலயே ஒரு ஸ்கூல்ல வந்து ஒக்காருவான்னு பாத்தா, கொழும்புக்குப் போயி போக்கர் மேசையில ஒக்காந்துக்கிட்டு... "அம்மா, இதுவும் கணக்குதாம்மா"ங்கிறா. என்னடி கணக்கு? நாள் பூரா மேசையில ஒக்காந்திருப்பாளாம், அதுல முக்காவாசி நேரம் காட்ஸக் கவுத்துப் போட்டுட்டு சும்மா இருப்பாளாம். "எப்ப வெளையாடாம இருக்கணும்னு தெரியறதுதான் இந்தத் தொழிலே"ங்கிறா. சும்மா இருக்கிறதுக்கு எதுக்குடி கொழும்பு? வீட்டுலயே இரேன், தேங்காயாச்சும் திருவித் தருவ!

ஒரு வருசம் பூரா தோல்விக்கா. விட்டுருவான்னு நெனச்சேன். எங்க? வீட்டுக்கு வர்றப்பல்லாம் தோத்த ஆட்டத்த எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு, எந்த எடத்துல பிழ விட்டேன்னு திருப்பித் திருப்பித் தேடினா. சோத்தத் தட்டுல வச்சா ஆறிப்போயி கெடக்கும். பரீட்சைக்குக்கூட அவ அப்பிடிப் படிச்சு நான் பாக்கல. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, கதவுகிட்ட நின்னு பாத்தப்ப எனக்கே ஒரு மாதிரி... சரி, அத விடுங்க.

மூஞ்சி இருக்கே, அதுதான் பெரிய கரச்சல். ஜெயிச்சாலும் அதே மூஞ்சி, தோத்தாலும் அதே மூஞ்சி. போன வருசம் கோவாவுக்குப் போட்டிக்குப் போயிட்டு வந்தா. மூஞ்சியப் பாத்து, ஐயோ, புள்ள தோத்துட்டு வந்திருக்குன்னு நெனச்சு, நெத்திலிக் கருவாடு பொரிச்சுப் போட்டு, நானும் வாய அடக்கிக்கிட்டு பக்குவமாப் பேசுறேன்... நான்! பொறகு அழுக்குத் துணிய எடுக்க பேக்கத் தொறந்தா, உள்ள கப்பு! மொதலாம் எடம்! துவாயில சுத்தி வச்சிருக்கா! அலுமாரிக்குள்ள வச்சிருக்கேன், யாராச்சும் கண்டா நெட்போல் கப்புன்னு சொல்லிக்கலாம்.

எங்க வீட்டு மனுசன் தோட்டத்து ஆபீஸ்ல பெரிய கிளாக்கரா இருந்தவரு. "உள்ளதச் சொல்லிருவோமே"ங்கிறாரு. அவளும் அதத்தான் சொல்றா, தெரிஞ்சுக்கிட்டு வர்றதுன்னா வரட்டும், மறச்சு வேணாம்னு. ஆனா அந்த மாப்பிள்ள, திலக்ஷன் தம்பி இருக்கே, தலவாக்கலையில பார்மஸி வச்சிருக்கு, அதோட போன்ல பேசிட்டு வந்தப்ப, எம் பொண்ணு சிரிச்சாக்கா. அந்த மூஞ்சி சிரிச்சிச்சு! நான் கண்ணால பாத்தேன். அதக் கெடுத்துரக் கூடாதுல்ல? அதுக்குத்தான் இவ்வளவு...

என்ன எழும்பிட்டீங்க? அந்தா மாஸ்டரே வர்றாரு பாருங்க... கொடைக்குள்ள கூட யாரு அது? பொட்டியத் தூக்கிக்கிட்டு... மாஸ்டர், யாரு இவங்க? சம்சாரமா?

அப்ப... நீங்க?

திலக்ஷன் தம்பியோட அத்தையா? லிந்துலையா!

ஐயோ, ஒக்காருங்க! நான் சொன்னது வேற சுதர்ஷினி, எங்க ஒண்ணுவிட்ட... எழவு வீடா? எங்க வீட்டுல எழவே விழல. மாமனாரு நல்லா... இல்ல, அந்தப் படத்துக்கு மால சும்மா போட்டிருக்கு, அழகுக்கு... அக்கா, செருப்பு மாறிப் போட்டிருக்கீங்க, அது என்னோடது. நில்லுங்க, என்ன கேட்டீங்க? திருப்பிச் சொல்லுங்க? கட்டிக்குடுத்தா தோத்துத் தோத்து உங்க வீட்டையும் கவுத்துருவாளா?

யாரு? எம் பொண்ணா?

நல்லது, போங்க! ரோட்டத் தாண்டி பஸ் ஹோல்ட்டுக்குத்தானே போவணும்? பஸ் வர்ற வரைக்கும் நின்னுதானே ஆவணும்? இங்கருந்தே சொல்றேன், கேளுங்க! கோவாவுல கடைசி மேசையில அவ ஒருத்திதான் பொம்பள! கறுப்புக் கண்ணாடி போட்டவன், தொப்பி போட்டவன்னு ஒவ்வொருத்தனா எழும்பிப் போனானுங்க, எம் பொண்ணு அசையல! ஒரு வருசம் தோத்தும் ஒருத்தர்கிட்டயும் கை நீட்டாம எழும்பி வந்தவ! என்ன நூர்தீன் நானா, கடைய விட்டுட்டு வந்து பாக்குறீங்க? ஆமா, போக்கர்தான்! மாஸ்டர், சம்சாரத்த மழையில நிக்க வைக்காதீங்க, உள்ள போங்க, உள்ளயும் கேக்கும்!

அக்கா! பஸ்ல ஏறிட்டா காது கேக்காதா? ஷட்டரத் தூக்குங்க! திலக்ஷன் தம்பிகிட்ட போயிச் சொல்லுங்க, இன்சூரன்சும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, எம் பொண்ணு போக்கர் வெளையாடுறா, கப்பு எடுக்கிறா! வேணும்னா வரட்டும், கப்பயே எடுத்துக் காட்டுறேன்! கண்டக்டர் தம்பி, பெல்ல அடிக்காதீங்கப்பா, நான் இன்னும் முடிக்கல!